பெரியாற்றைத் திருப்பிய பெருமகன்

தேனி மாவட்டத்து மாணவியராகிய நாம் நாள்தோறும் கண்விழிப்பது மலைகளின் முகத்தில்தான். மேற்கே தொடர்ச்சி மலை. கிழக்கே வருசநாட்டு மலை. இரண்டுக்கும் நடுவே கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் என்று நீளும் பசுமையான பள்ளத்தாக்கு. இப்பள்ளத்தாக்கைச் செதுக்கியது இயற்கை. ஆனால் இதன் வயல்களுக்கு நம்பத்தக்க நீரைக் கொண்டு வந்தவர் ஒரு மனிதர். அவரே கர்னல் ஜான் பென்னிகுயிக்.

அவருடைய அருஞ்செயலை அறிய வேண்டுமானால், முதலில் நம் மலையை அறிய வேண்டும். கோடிக்கணக்கான ஆண்டுகளாக நிலம் உயர்ந்தும் பிளந்தும், மழையும் ஆறுகளும் பாறையை அரித்தும் உருவானது மேற்குத் தொடர்ச்சி மலை. தென்மேற்குப் பருவக்காற்று சுமந்து வரும் மேகங்களை இந்த நெடுஞ்சுவர் தடுத்து நிறுத்துகிறது. மேல்புறம் பெருமழை, கீழ்ப்புறம் மழை மறைவு. சிவகிரி மலைப்பகுதியில் பிறக்கும் பெரியாறு நம் பள்ளத்தாக்கின் விளிம்புக்கு வெகு அருகில் வந்தும், குறுக்கே நின்ற முகட்டைத் தாண்ட இயலாமல் மேற்கே சென்று அரபிக்கடலில் கலந்தது. இப்பால் வைகையோ பல மாதங்கள் வெறும் மணலாய்க் கிடந்தது. 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய பெரும் பஞ்சத்தில் மாண்டவர் எண்ணற்றவர்.

அந்த ஆற்றை இப்பக்கம் திருப்ப வேண்டும் என்ற எண்ணம் புதியதன்று. 1789-ஆம் ஆண்டிலேயே இராமநாதபுரம் சேதுபதி மன்னரின் அமைச்சர் முத்திருளப்பப் பிள்ளை, அறிவுடையோர் பன்னிருவரை மலைக்கு அனுப்பி ஆராயச் செய்தார். வழி உண்டு என்று தெரிந்தது, பொருள்தான் இல்லை. 1808-இல் ஆராய்ந்த கேப்டன் கால்டுவெல் இது பயன் தராது என்று கைவிட்டார். பின்னும் பலர் முயன்றனர், ஒன்றும் நிறைவேறவில்லை.

பென்னிகுயிக் 1841 ஜனவரி 15 அன்று புனாவில் பிறந்தார். அவருக்கு எட்டு வயது நிரம்புவதற்குள், 1849-இல் சில்லியன்வாலாப் போரில் தந்தையையும் மூத்த சகோதரர் ஒருவரையும் ஒரே நாளில் இழந்தார். இங்கிலாந்தில் பயின்று, சென்னைப் பொறியாளர் படையில் சேர்ந்து, 1860-இல் இந்தியா திரும்பினார். 1882-இல் பெரியாற்றுத் திட்டத்தை வகுக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது.

அவர் வகுத்த வழி எளிமையானது. ஆனால் துணிவு மிக்கது. தண்ணீர் பள்ளம் நோக்கியே ஓடும் என்பது சிறு குழந்தையும் அறிந்தது. ஆகவே ஆற்றை ஓரிடத்தில் மறித்து, நூறடிக்கும் மேலாக நீர்மட்டத்தை உயர்த்த வேண்டும். உயர்ந்த நீர் ஏரியாகப் பரந்து தேக்கடி வரை வரும். அங்கே மலையைக் குடைந்து வழி விட்டால், அது தானாகவே நம் பக்கம் இறங்கும். இயற்கையின் விதியை அவர் எதிர்க்கவில்லை. அதனையே தம் வேலைக்காரனாக்கிக் கொண்டார்!

1886-இல் திருவிதாங்கூருடன் 999 ஆண்டுக் குத்தகை உடன்படிக்கை ஏற்பட்டது. 1887-இல் வேலை தொடங்கியது. அடர்ந்த காடு, யானைகள், இடைவிடாத மழை. ஆற்று வெள்ளம் தற்காலிகத் தடுப்பணைகளை மீண்டும் மீண்டும் அடித்துச் சென்றது. மலைகளையே அரித்த நீருக்கு மனிதன் குவித்த மண்ணும் கல்லும் எம்மாத்திரம்? கட்டியது கரைந்தது, கரைந்ததை மீண்டும் கட்டினார்கள். வெள்ளத்தினும் கொடியது மலேரியாக் காய்ச்சல். நானூறுக்கும் மேற்பட்ட உயிர்கள் நோயினால் மறைந்தன. பென்னிகுயிக்கின் பெயரை நாம் சொல்லும்போது, பெயர் தெரியாத அத்தொழிலாளரையும் நினைப்பது நம் கடமை.

இறுதியில் சுண்ணாம்பும் சுர்க்கியும் கல்லும் கொண்டு, ஆற்றுப் படுகையிலிருந்து 155 அடி உயரமும் ஏறத்தாழ 1,200 அடி நீளமும் கொண்ட அணை எழுந்தது. கடினமான பாறையைத் துளைத்து 5,704 அடி நீளச் சுரங்கமும் உருவாயிற்று. 1895 அக்டோபர் 10 அன்று சென்னை ஆளுநர் வென்லாக் பிரபு அணையைத் திறந்து வைத்தார். மேற்கே சென்ற நீர் கிழக்கே திரும்பி, வைரவனாற்றில் இறங்கி, சுருளியாற்றோடு கூடி வைகையை அடைந்தது. இன்று கம்பம் பள்ளத்தாக்கில் மட்டும் 14,707 ஏக்கர் இருபோக நெல் விளைநிலம் இந்நீரை நம்பியுள்ளது. மதுரை, திண்டுக்கல், சிவகங்கை, இராமநாதபுரம் மாவட்டங்களும் பயன் பெறுகின்றன.

தாயகம் திரும்பிய பென்னிகுயிக், கூப்பர்ஸ் ஹில் பொறியியல் கல்லூரியின் தலைவராக இருந்து இளைஞரை உருவாக்கினார். ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேன் ஆற்று வெள்ளத்தைத் தடுப்பது பற்றியும் ஆலோசனை வழங்கினார். 1911 மார்ச் 9 அன்று இங்கிலாந்தில் காலமானார்.

அவர் பிறந்த நாளும் நம் பொங்கலும் அடுத்தடுத்தோ ஒன்றாகவோ வருவதால், நம் உழவர்கள் அவர் படத்தின் முன் பொங்கல் வைத்து நன்றி செலுத்துகின்றனர். 2013-இல் லோயர் கேம்பில் அவருக்கு மணிமண்டபமும் திறக்கப்பட்டது.

தோழியரே, மலையை அரிக்கும் மழையும் ஆறும் இன்றும் ஓயவில்லை. காடு இருக்கும் வரை மண் சரியாது. மண் இருக்கும் வரை ஊற்று வற்றாது. நூறாண்டுக்கு முன் அவர் கொண்டு வந்து தந்த நீரைக் காக்க நாம் செய்ய வேண்டியது பெரிதன்று: மலைக்காட்டைக் காப்பதும், வாய்க்காலில் குப்பை கொட்டாதிருப்பதும், ஒரு குடம் நீரையும் வீணாக்காதிருப்பதும்தான். மலையைக் குடையும் வேலை நமக்கு மிச்சமில்லை. அதை அவர்கள் செய்து முடித்துவிட்டார்கள்.