ஒளியின் வழியை அளந்த அறிஞர் இப்னுல் ஹைதம்



குடும்பத்தோடு அமர்ந்து புகைப்படம் எடுத்துக்கொண்ட அனுபவம் உங்களுள் பலருக்கு இருக்கும். மூக்குக்கண்ணாடி அணிந்த பெரியவர் இருப்பின், படம் எடுப்பவர் அவரைச் சற்றே முகம் தாழ்த்தச் சொல்வார். அல்லது விளக்கை ஓரமாக நகர்த்தி வைப்பார். கண்ணாடியில் பட்ட ஒளி திரும்பி வந்து கேமராவுக்குள் விழுந்தால் படத்தில் கண்கள் மறைந்துவிடும் என்பதைத் தொழில் அவருக்குக் கற்பித்திருக்கிறது. அவ்வொளி எக்கோணத்தில் சென்று எக்கோணத்தில் திரும்புகிறது என்பதை ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே கருவி அமைத்துச் சோதித்த முஸ்லிம் அறிஞர் ஒருவர் இருந்தார். அவர்தாம் அபூ அலீ அல்-ஹஸன் இப்னுல் ஹைதம். மேற்குலகம் அவரை அல்ஹாஸன் என்று அழைத்தது.

ஹிஜ்ரி 354, அதாவது கி.பி. 965-ஆம் ஆண்டளவில் இராக்கின் பஸ்ரா நகரில் அவர் பிறந்தார். இளமையில் பல்வேறு பிரிவினரும் தத்தம் கொள்கையே சரியென வாதிடுவதைக் கண்டு கலங்கினார். உண்மை ஒன்றே, அதை அடையும் வழிகளில்தான் வேற்றுமை என்று அவருக்குத் தோன்றிற்று. புலன்களால் அறிந்ததை அறிவால் சீர்தூக்கிப் பார்க்கும் முறையைப் பின்னர் அவர் தமக்கு வழியாகக் கொண்டார்.

இப்னுல் கிஃப்தீ எழுதிய அறிஞர் வரலாற்று நூலில் ஒரு நிகழ்ச்சி காணப்படுகிறது. நைல் நதியின் நீர் பெருகினாலும் குறைந்தாலும் மக்களுக்குப் பயன்படும்படி ஒழுங்கு செய்ய இயலும் என்று இப்னுல் ஹைதம் கூறியிருந்தார். அது, கி.பி. 996 முதல் 1021 வரை எகிப்தை ஆண்ட பாத்திமிய கலீஃபா அல்-ஹாகிமின் செவிக்கு எட்டியது. கலீஃபா அவரைக் கெய்ரோவுக்கு வரவழைத்து, வேலையாட்களோடு தெற்கே அனுப்பி வைத்தார். வழி நெடுகிலும் பண்டை எகிப்தியர் எழுப்பிய மாபெரும் கட்டடங்களை அவர் கண்டார். இத்துணைத் திறன் படைத்தோர், இயலும் காரியமாக இருந்திருப்பின் இதையும் செய்து முடித்திருப்பார்களே என்ற எண்ணம் அவருக்கு எழுந்தது. அஸ்வானை அடுத்த அருவிப் பகுதியை ஆராய்ந்ததும் அது உறுதியாயிற்று. திரும்பி வந்து, தம் திட்டம் நிறைவேறாது என்று கலீஃபாவின் முன் ஒப்புக்கொண்டார். அதே அஸ்வான் பகுதியில் 1902-லும் 1970-லும் பெரும் அணைகள் கட்டி முடிக்கப்பட்டன. எண்ணம் பிழையன்று, அதற்குரிய சாதனம் அக்காலத்தில் இல்லை.

எப்பொழுது சினம் கொள்வார் என்று அறிய முடியாத ஆட்சியாளரிடம் பணிபுரிய அவர் அஞ்சினார். ஆகவே சித்தம் கலங்கியவரைப் போல நடித்தார் என்றும், அதனால் வீட்டுக்காவலில் வைக்கப்பட்டார் என்றும் அந்நூல் கூறுகிறது. 1021-இல் கலீஃபா மறைந்த பின்னரே அவர் வெளிவந்தார். பின்னர் அல்-அஸ்ஹர் பள்ளிவாசலின் அருகே தங்கி, கணித, வானியல் நூல்களைப் பிரதியெடுத்து விற்றே எளிய வாழ்க்கை நடத்தினார்.

அவருடைய பெருநூல் கிதாபுல் மனாளிர். ஏழு பாகங்கள் கொண்டது. கண்ணிலிருந்து கதிர்கள் புறப்பட்டுச் சென்று பொருளைத் தொடுவதாலேயே நாம் காண்கிறோம் என்று யூக்ளிடும் தாலமியும் கூறியிருந்தனர். சூரியனை உற்று நோக்கினால் கண் வலிக்கிறதே, வெளியிலிருந்து ஒன்று கண்ணுக்குள் வருவதால் அன்றோ அவ்வலி என்று இப்னுல் ஹைதம் சிந்தித்தார். ஒளி பட்ட பொருளின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் ஒளி நாற்புறமும் நேர்கோட்டில் செல்கிறது என்று நிறுவினார்.

இருட்டறையின் சிறு துளைக்கு எதிரே பல விளக்குகளை அவர் வரிசையாக வைத்தார். அறையின் உட்சுவரில் ஒவ்வொரு விளக்கின் ஒளியும் தனித்தனியே விழுந்தது. ஒன்றை மறைத்தால் அதன் ஒளி மட்டும் மறைந்தது, திறந்தால் மீண்டது. ஒரே துளையில் ஒன்றையொன்று கடந்தும் ஒளிகள் கலந்துவிடவில்லை என்பது இதனால் தெளிவாயிற்று. கேமராவுக்குள் உருவம் கலங்காமல் விழுவதும் இதே நியதிப்படிதான்.

நூலின் நான்கு, ஐந்து, ஆறாம் பாகங்கள் பிரதிபலிப்பைப் பற்றியவை. ஒளி விழும் கோணமும் திரும்பும் கோணமும் சமம் என்பதைக் கிரேக்கர் முன்பே அறிந்திருந்தனர். இப்னுல் ஹைதம் அதைக் கேட்டதோடு நில்லாமல், சமமானவை, குழிந்தவை, குவிந்தவை என ஏழு வகை ஆடிகளை வைத்துச் சோதித்து உறுதி செய்தார்.

அவரே கேமராவைக் கண்டுபிடித்தார், கேமரா என்ற சொல்லே அரபியிலிருந்து வந்தது என்று மேடைகளில் சிலர் முழங்குவதை நீங்கள் கேட்டிருக்கலாம். அச்சொல் அறையைக் குறிக்கும் லத்தீன் சொல். துளை வழியே உருவம் விழுவதைச் சீனரும் கிரேக்கரும் முன்பே கண்டிருந்தனர். உருவத்தைத் தகட்டில் நிலைநிறுத்தும் கலை 1839-இல்தான் பிரான்சில் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. முன்னோர் நூல்களையும் தம் சொந்தக் கருத்தையும் ஐயுற்று ஆராய வேண்டும் என்று வற்புறுத்திய ஒருவரை, ஆராயாத சொல்லால் புகழ்வது அவருக்குச் செய்யும் சிறப்பாகாது. பொய்யின் துணை அவருக்குத் தேவையுமில்லை.

மார்க்கத் தீர்ப்புக்கும் இவ்வறிவு வேண்டும். புகைப்படம் ஆகுமானதா என்ற வினா எழுந்தபோது, எகிப்தின் முஃப்தியாக இருந்த ஷைகு முஹம்மது பகீத் அல்-முதீஈ, அது நிழலைப் பிடித்து நிறுத்துவதே அன்றிப் புதிதாக உருவம் படைப்பதன்று என்று கருதினார். மாறுபட்ட உலமாக்களும் உண்டு. எப்பக்கம் நிற்பவரும் ஒளி செய்யும் வேலையை அறியாமல் பேச இயலாது.

கி.பி. 1040-ஆம் ஆண்டளவில் இப்னுல் ஹைதம் கெய்ரோவில் மறைந்தார். அவருடைய நூல் லத்தீனில் பெயர்க்கப்பட்டு, 1572-இல் பாஸல் நகரில் அச்சேறியது. நம் பக்கத்திலும் கமாலுத்தீன் அல்-ஃபாரிஸீ அதற்கு விரிவுரை எழுதி, வானவில்லின் காரணத்தை விளக்கினார். 2015-ஆம் ஆண்டு உலக ஒளி ஆண்டாகக் கொண்டாடப்பட்டபோது யுனெஸ்கோ அவரை நினைவுகூர்ந்தது.

சகோதரர்களே! திருமறையில் ஒரு அத்தியாயமே அந்-நூர், ஒளி, என்னும் பெயர் கொண்டது. அதை ஓதும் உங்கள் இல்லத்தில், ஒளி எப்படி வருகிறது என்று பிள்ளை கேட்டால் அதட்டி அடக்காதீர்கள். கதவிலுள்ள சிறு துளை வழியே சுவரில் விழும் வெயிலைக் காட்டுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லவும் கற்றுக்கொடுங்கள். கலீஃபாவின் முன்னிலையிலேயே இயலாது என்று சொன்ன அறிஞரின் வழி அது. பயனுள்ள கல்வியையும், உண்மையை ஒப்புக்கொள்ளும் உள்ளத்தையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.