பிள்ளைகளுக்குக் கதை தந்த நாவலர்

நல்லூரிலே கந்தப்பிள்ளைக்கும் சிவகாமி அம்மையாருக்கும் புதல்வராக 1822ஆம் ஆண்டு டிசம்பர் 18ஆந் திகதி ஆறுமுகம் பிறந்தார். தந்தையார் நாடகங்கள் இயற்றியவர். அவர் ஒரு நாடகத்தை முடிக்குமுன் காலமாக, ஒன்பது வயதுப் பிள்ளையே அதனை நிறைவுசெய்தார் என்பர்.

ஆங்கிலத்தை வெஸ்லியன் மிஷன் பாடசாலையிற் கற்று, பின் அங்கேயே ஆசிரியரானார். பாடசாலைத் தலைவரான பேர்சிவல் பாதிரியார் விவிலியத்தைத் தமிழாக்கியபோது அவருக்குத் துணைநின்றார். யூத நாட்டில் எபிரேய மொழியிற் பிறந்த நோவாவின் கதையும் தாவீதின் கதையும் நல்ல தமிழ் பெறுதற்கு நல்லூர்ச் சைவர் ஒருவர் உழைத்தார்.

அப்பணியினூடே ஒரு குறையும் அவர் கண்ணிற் பட்டது. மிஷன் பாடசாலைச் சிறுவர் அக்கதைகளை எளிய வசனத்தில் வாசித்தனர். எமது நாயன்மார் கதைகளோ செய்யுளில் இருந்தன. கோயில்களிலே புராண படனம் நடக்கும். ஒருவர் செய்யுளை வாசிக்க, மற்றொருவர் பயன் சொல்வார். பயன் சொல்வார் இல்லாத வீட்டிலே பிள்ளை தானாக எடுத்து வாசிப்பதற்கு நூல் எங்கே?

1847 டிசம்பர் 31ஆந் திகதி, வெள்ளிக்கிழமை, வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிலே அவர் பிரசங்கத்தைத் தொடங்கினார். பாதிரிமாரின் பிரசங்க முறையை அருகிருந்து அறிந்தவரல்லவா! 1848இல் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். மிஷன் உத்தியோகத்தைத் துறந்தார், இல்லறத்தையும் நாடவில்லை. 1849இல் அச்சியந்திரம் வாங்கத் தமிழகம் சென்றபோது, திருவாவடுதுறை ஆதீனம் நாவலர் என்னும் பட்டம் வழங்கியது. அடுத்த ஆண்டு முதல் பாலபாடங்கள் வெளிவரலாயின. 1852இல் பெரியபுராணத்தை வசனமாக்கி வெளியிட்டார். நாலாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்களிற் பொதிந்திருந்த அறுபத்துமூவர் சரிதம், எழுத்துக்கூட்டத் தெரிந்த பிள்ளை உரக்க வாசிக்க, எழுத்தறியாப் பாட்டியும் கேட்டுணரத்தக்க நடையைப் பெற்றது. 1879 டிசம்பர் 5ஆந் திகதி நாவலர் சிவபதமடைந்தார்.

மிஷன் பாடசாலைகளிற் பயின்ற எம்மிற் பலருக்கு நோவாவையும் தெரியும், கண்ணப்பரையும் தெரியும். இரண்டும் தெரிந்திருப்பது பேறேயன்றிக் குறையன்று. ஆனால் இன்று வேறொரு கவலை எழுந்துள்ளது. ரொறன்ரோவிலும் இலண்டனிலும் வளரும் எம்முறவினரின் பிள்ளைகள் விடுமுறைக்கு ஊர் வருகின்றனர். பேத்திக்குக் கண்ணப்பர் கதை சொல்ல விரும்பும் அம்மம்மாவுக்கு ஆங்கிலம் வராது, பேத்திக்குத் தமிழ் வராது. அக்கதையை ஆங்கிலத்திற் சொல்வது தமிழுக்குச் செய்யும் துரோகம் என்று பெரியோர் சிலர் கருதுகின்றனர்.

அவர்களுக்கு நாவலர் வாழ்வையே விடையாக வைக்கின்றோம். பிறர் கதையைத் தமிழுக்குக் கொணர்ந்த கை அது. எமது கதையைச் செய்யுளிலிருந்து வசனத்துக்கு இறக்கியதும் அதே கை. கேட்கும் பிள்ளைக்கு விளங்கவேண்டும் என்பதே இரண்டுக்கும் பொதுவான நியதி. ஆகவே இளைஞர்களே, அம்மம்மா தமிழிற் சொல்லட்டும். அருகிருந்து நாம் ஆங்கிலத்திற் பயன் சொல்வோம். அயல்வீட்டுச் சிங்களப் பிள்ளை கேட்டால் சிங்களத்திலும் சொல்வோம்; அவர்கள் கதையையும் கேட்டு வருவோம். கதையிலே மனம் பற்றிய பிள்ளை, அது பிறந்த மொழியைத் தேடி ஒருநாள் வரும். கார்த்திகை மகத்தில் நாவலர் குருபூசைக்கு நாம் இடும் மாலையோடு இத்தொண்டையும் சேர்ப்போமாக.