எரேமியாவின் வழக்கு

ஆனதோத் என்னுஞ் சிற்றூரில் ஆசாரியர் குடியிற் பிறந்த எரேமியா, யோசியா அரசனது 13ஆம் ஆட்சியாண்டில், ஏறத்தாழக் கி.மு. 627இல், தீர்க்கதரிசியாக அழைக்கப்பெற்றார். தம் ஊராரே தம்மைக் கொல்லச் சூழ்ந்தமை கண்டு, தீயோர் செழித்திருப்பது யாதுகாரணம் என நீதிபரராகிய கடவுளோடே வழக்காடினார். கிடைத்ததோ ஆறுதலன்று, இச்சிறு துன்பத்திலேயே இளைத்தால் வரும் பெருந்துன்பத்தில் எங்ஙனம் நிற்பாய் என்னும் எதிர்வினாவே. அதனை விடையென ஏற்க நம் மனம் எளிதில் இசையவில்லை.

பெருந்துன்பமும் வந்தது. அவர் மொழிகளை எழுதிய சுருளை யோயாக்கீம் அரசன் அறுத்துக் கணப்பிலே எரித்தான். சிதேக்கியாவின் காலத்திலோ, பிரபுக்கள் அவரைச் சேறு மண்டிய துரவில் இறக்கினர். மீட்டவன் சொந்த இனத்தானல்லன், எத்தியோப்பியனாகிய எபெத்மெலேக்கு. கயிறு அக்குளை உறுத்தாதபடி பழங்கந்தைகளையும் இறக்கி, அவரைத் தூக்குவித்தான். அவரது வினாவுக்கு அக்கந்தைகளும் ஒரு விடையோ என எண்ணுகின்றோம்.

கி.மு. 586இல் எருசலேம் வீழ்ந்தபின், எஞ்சியோர் அவர் தடுத்தும் கேளாது அவரையும் எகிப்துக்குக் கொண்டுபோயினர். ஆண்டும் அவர் வாய் அடங்கவில்லை.