நூலின் முதுகில் ஓர் எண்: இரங்கநாதனின் வாழ்வும் பணியும்

நூலகத்திலிருந்து இரவல் பெறும் ஒவ்வொரு நூலின் முதுகிலும் சிறியதொரு காகிதத் துண்டு ஒட்டப்பட்டிருக்கும். அதில் எழுதப்பட்டுள்ள எண்ணை வாசகர் பலர் ஊன்றி நோக்குவதில்லை. ஆயினும், பல்லாயிரம் நூல்களுக்கு நடுவிலிருந்து அந்த நூலை அவர்களது கைக்குக் கொண்டுவந்து சேர்ப்பது அந்தப் பகுப்பெண்ணே ஆகும். அதன் பொருட்டுத் தமது வாழ்வின் பெரும்பகுதியைச் செலவிட்டவர், இந்திய நூலகவியலின் தந்தை எனப் போற்றப்படும் சீர்காழி இராமாமிர்த இரங்கநாதன்.

1892 ஆம் ஆண்டு தஞ்சை மாவட்டத்துச் சீர்காழியில் பிறந்த இவர், சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் கணிதத்தில் முதுகலைப் பட்டம் பெற்றார். மங்களூரிலும் கோயம்புத்தூரிலும், பின்னர் சென்னை மாநிலக் கல்லூரியிலும் கணிதம் கற்பித்தார். 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது நூலகராக நியமனம் பெற்றார். ஆயினும், அப்பதவியின் தனிமையைப் பொறுக்கமாட்டாது சில நாட்களிலேயே மீண்டும் வகுப்பறைக்குத் திரும்ப விழைந்தார். இலண்டனில் பயிற்சி பெற்ற பின்னரும் மனம் ஒப்பாவிடில் ஆசிரியப் பணிக்கே திரும்பலாம் என்ற உறுதிமொழி கிடைத்த பின்னரே கப்பலேறினார்.

இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பேர்விக் சேயர்ஸ் என்பாரிடம் பகுப்பாக்கம் பயின்ற வேளையில், நடைமுறையிலிருந்த முறைகளின் குறை அவருக்குப் புலப்பட்டது. அமெரிக்கரான மெல்வில் டூயி 1876 இல் வெளியிட்ட தசமப் பகுப்பு முறை, அறிவுத்துறை அனைத்தையும் பத்துப் பெரும் பிரிவுகளாக வகுத்து எண் வழங்கியது. நூல் இருக்கும் அலுமாரிக்கன்றி, அது பேசும் பொருளுக்கு எண் அளித்தமை பெரும் முன்னேற்றமே. ஆனால், அம்முறையில் ஆங்கில இலக்கியத்துக்கு 820 என்ற மூன்றிலக்க எண் போதுமாயிருக்க, ஈராயிரம் ஆண்டுப் பழைமை கொண்ட தமிழ் இலக்கியமோ 894.811 என்னும் ஆறிலக்க மூலையில் ஒதுங்க வேண்டியதாயிற்று. மேலும், பல பொருள்களை இணைத்துப் பேசும் நூலுக்கு முன்கூட்டியே எழுதிவைத்த பட்டியலில் தக்க இடம் கிடைப்பதும் அரிதாயிருந்தது.

இலண்டன் கடையொன்றில் மெக்கானோ என்னும் விளையாட்டுப் பொருளைக் கண்டபோது அவருக்கு வழி பிறந்தது. ஒரே உதிரித் துண்டுகளைத் திருகாணி கொண்டு வெவ்வேறாகப் பூட்டினால் வெவ்வேறு உருவங்கள் தோன்றுவதுபோல, பொருளின் கூறுகளைத் தனித்தனியே குறித்து நூலுக்கேற்ப எண்ணைக் கோத்தால் என்ன என எண்ணினார். நோய் ஒரு கூறு, சிகிச்சை மற்றொன்று, நாடும் காலமும் வேறு இரண்டு. அவற்றை இணைக்கும் திருகாணியாக அவர் கொண்டது முக்காற்புள்ளி. அதன் ஆங்கிலப் பெயரால் கோலன் பகுப்பு முறை எனப்படும் இத்திட்டம் 1933 இல் நூலுருப் பெற்றது.

எண்ணைக் காட்டிலும் வாசகரே அவருக்கு முதன்மையாயினர் என்பதற்கு 1931 இல் அவர் வகுத்தளித்த நூலகவியலின் ஐந்து விதிகள் சான்றாகும். நூல்கள் பூட்டிவைப்பதற்கன்றிப் பயன்படுத்துவதற்கே என்பதும், வாசகரின் நேரம் வீணாகலாகாது என்பதும் அவற்றின் சாரம். 1928 இல் சென்னை நூலகச் சங்கம் உருவாகவும், 1948 இல் இந்தியாவிலேயே முன்னோடியான பொது நூலகச் சட்டம் சென்னை மாகாணத்தில் நிறைவேறவும் அவரது உழைப்பே காரணமாயிற்று. காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய காலத்தில் ஏறத்தாழ ஓர் இலட்சம் நூல்களைத் தாமே பகுத்துப் பட்டியலிட்டார். தமது சேமிப்பிலிருந்து ஓர் இலட்சம் ரூபாவைச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு வழங்கி, மனைவியின் பெயரையும் இணைத்து நூலகவியல் பேராசிரியர் பதவியொன்றை நிறுவச் செய்தார். 1972 செப்டெம்பர் 27 இல் பெங்களூரில் காலமானார்.

எமது மண்ணுடனும் அவருக்குத் தொடர்புண்டு. யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் புதிய கட்டடம் திட்டமிடப்பட்டபோது அவரது ஆலோசனை பெறப்பட்டது. 1959 இல் திறக்கப்பட்ட அந்நூலகம் 1981 இல் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலாயின.

கோலன் முறையை இன்று கைக்கொள்ளும் நூலகங்கள் மிகச் சிலவே. எமது நூலகங்களிலும் டூயி முறையே பரவலாக வழங்குகின்றது. எனினும், கூறுகளைப் பிரித்து இணைத்துத் தேடும் அவரது சிந்தனை, கணினிவழித் தேடலின் அடிப்படைகளுள் ஒன்றாக நிலைபெற்றுவிட்டது.

நூல்களை அன்பளிப்பாகத் திரட்டுவதில் எமது சமூகம் என்றும் பின்னின்றதில்லை. ஆனால், பகுப்பெண் பெறாது பெட்டிக்குள் கிடக்கும் நூல், வாசகரைப் பொறுத்தவரை இல்லாத நூலே. நூலைத் தருவதுடன் கடமை முடிந்ததெனக் கருதாது, அதனை வகைப்படுத்தவல்ல பயிற்சி பெற்ற நூலகர்களையும் ஊர்தோறும் அமர்த்துவதே இரங்கநாதனுக்கு நாம் செலுத்தும் மெய்யான நன்றிக்கடனாகும்.