முகம் வாடாமல் கொடுக்கக் கற்பித்தவர்

தானத்திற்கு யூத மரபில் வழங்கும் பெயர் 'ஸெடாக்கா'. நீதி என்னும் பொருளுடைய வேரிலிருந்து பிறந்த சொல் இது. இல்லாதவருக்கு ஈவதை இருப்பவரின் கடமையாகவே அம்மரபு கருதுகிறது. அக்கடமையை ஆற்றும்போது பெறுபவரின் மனம் புண்படாதிருக்க வழி என்ன என்று ஆழ்ந்து சிந்தித்த மகான் மோசே பென் மைமோன். உலகம் அவரை மைமோனிடிஸ் என்று அறியும்.

1138-ஆம் ஆண்டளவில், ஸ்பெயின் நாட்டின் கோர்தோபா நகரில், சமய நீதிபதி ஒருவரின் மகனாக அவர் தோன்றினார். 1148-இல் அல்மொஹாத் மரபினர் அந்நகரைக் கைப்பற்றி, யூதர்களைத் தம் சமயத்தைக் கைவிடுமாறு வற்புறுத்தினர். குடும்பம் ஊரைத் துறந்து பல ஆண்டுகள் அலைந்தது. மொராக்கோவின் ஃபெஸ் நகரில் சில காலம் வாழ்ந்து, 1165-இல் பாலஸ்தீனத்தை அடைந்து, இறுதியில் எகிப்தின் ஃபுஸ்தாத் நகரில் குடியேறியது.

அங்கே தம்பி தாவீது இரத்தின வணிகம் செய்து குடும்பத்தைக் காத்தார். அண்ணன் கவலையின்றிச் சாஸ்திர ஆராய்ச்சியில் மூழ்கியிருந்தார். வணிகத்தின் பொருட்டு இந்தியாவை நோக்கிக் கப்பலேறிய தாவீது கடலில் மாண்டார். பிறர் நம்பிக் கொடுத்திருந்த பொருளும் அவருடன் அழிந்தது. தம்பியின் மனைவியும் சிறு மகளும் மைமோனிடிஸின் பொறுப்பாயினர். துயரம் தாளாமல் அவர் ஏறக்குறைய ஓராண்டுக் காலம் நோய்ப்படுக்கையில் கிடந்தார்.

சமயக் கல்வியை விற்றுப் பிழைப்பது தகாது என்பது அவரது உறுதியான கொள்கை. ஆகவே மருத்துவத்தைத் தொழிலாகக் கொண்டார். நாளடைவில் சுல்தான் சலாஹுத்தீனின் அமைச்சர் அல்-ஃபாதில் அவரை ஆதரித்தார். அரண்மனை மருத்துவர் என்ற பெருமையும் வந்தது. அவர் 1199-இல் எழுதிய கடிதம் ஒன்று அவரது அன்றாட வாழ்வைக் காட்டுகிறது. காலையில் கெய்ரோ சென்று அரசப் பணியை முடித்து, நண்பகலுக்குப் பின் பசியோடு வீடு திரும்புவார். யூதர், பிற சமயத்தவர், செல்வர், எளியவர் என வாயில் நிறைய நோயாளிகள் காத்திருப்பர். அவர்களிடம் பொறுத்தருளுமாறு வேண்டிக்கொண்டு, அன்றைய ஒரே உணவைச் சிறிது உண்டு, இரவு வரை அவர்களைக் கவனிப்பார். களைப்பு மிகுந்தபோது படுத்தபடியே மருந்து கூறுவார்.

'மிஷ்னே தோரா' என்ற அவரது 14 பகுதிகள் கொண்ட பெருநூலில் தானத்தின் எட்டுப் படிகள் கூறப்பட்டுள்ளன. மனமில்லாமல் கொடுப்பது கடைசிப் படி. குறைவாயினும் இன்முகத்துடன் கொடுப்பது அதற்கு மேல். அடுத்துக் கேட்ட பின் கொடுப்பதும், கேட்குமுன் கொடுப்பதும் வரும். அதற்கும் மேலே, கொடுப்பவர் பெறுபவரை அறியாதிருப்பது, பெறுபவர் கொடுப்பவரை அறியாதிருப்பது, இருவரும் ஒருவரையொருவர் அறியாதிருப்பது என்று மூன்று படிகள் உயர்கின்றன. எல்லாவற்றிற்கும் மேலானது, தளர்ந்தவருக்குக் கடனோ, தொழிலில் கூட்டோ, வேலையோ தந்து, இனி எவரிடமும் கையேந்தாதவாறு நிலைநிறுத்துவது. முகம் சுளித்துக் கொடுப்பவர் ஆயிரம் பொற்காசுகள் ஈந்தாலும் அதன் புண்ணியத்தை இழக்கிறார் என்றும் அந்நூல் எச்சரிக்கிறது.

1204-இல் ஃபுஸ்தாத்தில் அவர் மறைந்தார். அவரது சமாதி தைபீரியஸ் நகரில் இருப்பதாக மரபு கூறுகிறது. உதவி நாடி நம்முன் நிற்பவர் எந்தப் படியில் நம்மிடமிருந்து பெறுகிறார் என்று நாம் ஒவ்வொருவரும் சிந்திப்பதே அவருக்குச் செய்யும் உண்மையான அஞ்சலி.