லாகரிதம் வராத பறவை மனிதர்



முதலாம் ஆண்டு கணக்குப் பரீட்சையில் லாக் டேபிளைக் கையில் வைத்துக்கொண்டு முழிக்காதவர் நம்மில் யாராவது உண்டா? அந்த லாகரிதத்துக்குப் பயந்து காலேஜையே விட்டு ஓடிய ஒருவரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அவர்தான் இந்தியாவின் பறவை மனிதர் என்று பேர் வாங்கிய டாக்டர் சலீம் அலி. பேருக்கு முன்னால் உள்ள அந்த டாக்டர் பட்டம்கூட பரீட்சை எழுதி வாங்கியதில்லை. பல்கலைக்கழகங்கள் பின்னாளில் தாங்களாகவே கூப்பிட்டுக் கொடுத்தது.

1896 நவம்பர் 12-ல் பம்பாயில் பிறந்தார். ஒரு வயதில் அப்பா போனார், மூன்று வயதில் அம்மாவும் போனார். தாய்மாமன் அமிருதீன் தயாப்ஜி எடுத்து வளர்த்தார். மாமா ஒரு வேட்டைக்காரர். பையன் கையில் ஒரு ஏர்கன்னைக் கொடுத்தார். பையனும் ஊரிலுள்ள குருவிகளைச் சுட்டுக்கொண்டு திரிந்தான். பத்து வயது வாக்கில் சுட்டு விழுந்த ஒரு குருவிக்குத் தொண்டையில் மஞ்சள் பூசினாற்போல இருந்தது. இது என்ன குருவி என்று மாமாவுக்கே தெரியவில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்துக்குப் போய்க் கேள் என்று அனுப்பிவிட்டார். அங்கே செயலாளர் மில்லார்டு என்ற வெள்ளைக்காரர். பையன் நடுங்கிக்கொண்டே போனான். அவரோ விரட்டவில்லை, பீரோ பீரோவாகத் திறந்து பாடம் செய்து வைத்திருந்த பறவைகளை எல்லாம் காட்டினார். சலீம் அலியின் வாழ்க்கை திரும்பிய இடம் அதுதான்.

ஆனா படிப்பு ஏறவில்லை. 1913-ல் தட்டுத்தடுமாறி மெட்ரிக் பாஸ். காலேஜில் முதல் வருஷத்தோடு சரி. குடும்பத்தின் சுரங்கத் தொழிலைப் பார்க்கிறேன் என்று பர்மாவுக்குப் போனார். அங்கேயும் காட்டில் பறவை பார்த்ததுதான் மிச்சம். திரும்பி வந்து விலங்கியல் படித்தார், ஆனால் டிகிரி இல்லை. அரசாங்க விலங்கியல் துறையில் பறவை ஆய்வாளர் வேலை ஒன்று காலியானபோது, டிகிரி இல்லை என்று கைவிரித்துவிட்டார்கள். 1926-ல் பம்பாய் மியூசியத்தில் வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்லும் வேலை கிடைத்தது. பிறகு ஜெர்மனிக்குப் போய் ஸ்ட்ரெஸ்மன் என்ற பேராசிரியரிடம் தொழில் கற்றார். பறவையின் காலில் வளையம் மாட்டி விடுவதையும் அங்கேதான் பழகினார். இந்த வளையம் மறுபடி வரும், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்க.

1930-ல் ஊர் திரும்பினால் மியூசியத்தில் அந்த வேலையே எடுத்தாகிவிட்டது. கையில் காசில்லை. மனைவி தெஹ்மினாவோடு கிஹிம் என்ற கடலோரக் கிராமத்தில் போய் உட்கார்ந்தார். வீட்டுப் பக்கத்து மரத்தில் தூக்கணாங்குருவிக் கூடுகள். நாம கல்லெறிந்து விளையாடுவோமே, அதே கூடு. அவர் தினமும் உட்கார்ந்து பார்த்துப் பார்த்து எழுதினார். ஆண் குருவி கூட்டைப் பாதி கட்டி நிறுத்திவிடும். பெட்டை வந்து உள்ளே நுழைந்து சோதிக்கும். பிடித்திருந்தால் தங்கும், அப்புறம்தான் மீதிக் கூடு எழும்பும். முட்டை வைத்ததும் ஆண் அடுத்த கூட்டை ஆரம்பித்து அடுத்த பெட்டைக்குக் காத்திருக்கும். கான்ட்ராக்டர் கெட்டார் போங்க! வேலை இல்லாத காலத்தில் எழுதின இந்தக் கட்டுரைதான் அவர் பேரை வெளியே தெரிய வைத்தது.

அதன் பிறகு ஹைதராபாத், திருவாங்கூர், கொச்சி என்று சமஸ்தானம் சமஸ்தானமாகப் பறவைக் கணக்கெடுப்பு. சம்பளம் வேண்டாம், முகாம் செலவு மட்டும் கொடுங்கள் என்று கேட்டுப் போனார். கூடவே காடெல்லாம் அலைந்த தெஹ்மினா 1939-ல் ஒரு சின்ன ஆபரேஷனுக்குப் பிறகு இறந்துபோனார். அவர் அதற்குப் பிறகு கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 1941-ல் இந்தியப் பறவைகள் பற்றிய அவருடைய புத்தகம் வந்தது.

மெக்கானிக்கல் நண்பர்களுக்காக ஒன்று: மனிதருக்கு மோட்டார் சைக்கிள் என்றால் உயிர். 1950-ல் சுவீடனில் நடந்த பறவையியல் மாநாட்டுக்கு, தன் சன்பீம் வண்டியைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போய், ஐரோப்பா முழுக்க ஓட்டிக்கொண்டே போய்ச் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 53.

இனி ஏரிக்கு வருவோம். ராஜஸ்தானில் பரத்பூர் என்ற ஊர். அங்கே கேவலாதேவ் என்ற ஏரிக்காடு, சுமார் 29 சதுர கிலோமீட்டர். மழைத் தண்ணீரைத் தேக்கி, மதகு வழியாக விட்டு நிரப்புவது. அந்த ஊர் மகாராஜா வாத்து வேட்டைக்கென்றே அதை வளர்த்தார். 1938 நவம்பர் 12, வைஸ்ராய் லின்லித்கோ வந்தார். அந்த ஒரே நாளில் சுட்டு விழுந்தது 4,273 பறவை. கல்லில் வெட்டியே வைத்திருக்கிறார்கள். தற்செயலாக அன்றைக்கு சலீம் அலிக்கு 42-வது பிறந்த நாள்.

சுதந்திரம் வந்ததும் ஏரியை வடித்து வயலாக்கு என்று சுற்று வட்டார விவசாயிகள் கேட்டார்கள். அவர்கள் கேட்டதிலும் நியாயம் இருக்கத்தான் செய்தது. சலீம் அலி நேருவரைக்கும் போய்ப் பேசினார். 1956-ல் அது பறவைகள் சரணாலயம் ஆனது. ஆனாலும் மகாராஜாவின் வேட்டை உரிமை 1972 வரைக்கும் போகவில்லை.

அங்கே ஐப்பசி மாதத்தில் ஒரு நாள் எப்படி இருக்கும்? விடிகாலையில் பனிப்புகை. வேல மரங்களில் சங்குவளை நாரைக் குஞ்சுகள் இரை கேட்டுக் கத்தும். அவை உள்ளூர்க்காரர்கள். அதே தண்ணீரில் இமயத்தைத் தாண்டி வந்த வரித்தலை வாத்து, சைபீரியாப் பக்கத்திலிருந்து வந்த ஊசிவால் வாத்து, கிளுவை எல்லாம் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கும். இவற்றைப் பிடித்துக் கொடுக்க சலீம் அலி கூட்டி வந்தது பீகாரின் மிர்ஷிகார்களை. தலைமுறை தலைமுறையாகப் பறவை பிடித்து விற்றுப் பிழைத்தவர்கள். பள்ளிக்கூடம் போகாதவர்கள், ஆனால் வலையும் கண்ணியும் வைப்பதில் அவர்களை மிஞ்ச ஆளில்லை. பிடித்த பறவையின் காலில் அலுமினிய வளையம். அதில் ஒரு எண், பம்பாய்ச் சங்கத்துக்குத் தகவல் சொல்லச் சொல்லி ஒரு வரி. இனம், எடை, இறக்கை நீளம் எல்லாம் குறித்துக்கொண்டு பறக்க விட்டுவிடுவார்கள்.

இதற்குப் பணம் வந்த கதை வேடிக்கை. 1957-ல் கர்நாடகத்தின் கியாசனூர் காட்டில் குரங்குகள் செத்து விழுந்து, மனிதருக்கும் ஒரு காய்ச்சல் பரவியது. ரஷ்யாவிலிருந்து பறவைகள்தான் உண்ணி வழியாகக் கொண்டுவந்தனவோ என்று சந்தேகம். உலக சுகாதார நிறுவனம் பணம் கொடுத்தது. பறவைகள் மேல் குற்றம் நிரூபணம் ஆகவில்லை. ஆனால் பரத்பூரில் மாட்டிய வளையங்கள் கஜகஸ்தானிலும் சைபீரியாவிலும் கிடைத்தன. அங்கே வேட்டைக்காரர்கள் சுட்டு, வளையத்தைப் பார்த்து எழுதினதால்தான் பறவையின் பாதை தெரிந்தது. துப்பாக்கி இங்கேயும் விடவில்லை பாருங்க!

இப்போது மனசுக்கு உறுத்துகிற விஷயம். ஏரியில் ஊர் எருமைகள் மேய்வது கெடுதல் என்று சலீம் அலியும் அவர் சங்கமும் நினைத்தார்கள். 1982-ல் மேய்ச்சலுக்குத் தடை வந்தது. கிராமத்தார் எதிர்த்தார்கள். போலீஸ் சுட்டதில் உயிர்கள் போயின. எங்க வீட்டிலும் எருமை உண்டு. அதை ஏரிக்கு ஓட்டிப்போய்த்தான் எங்க அப்பத்தா பால் விற்று என்னைப் படிக்க வைக்குது. அதனால் இந்த இடத்தில் என்னால் அவர் பக்கம் நிற்க முடியவில்லை. எருமை போனதும் என்ன ஆச்சு தெரியுமா? தண்ணீரில் கோரையும் புல்லும் மண்டி, வாத்து இறங்கவே இடமில்லாமல் போச்சு. எருமைதான் அதுவரை ஏரியைச் சுத்தம் செய்து கொண்டிருந்திருக்கிறது! இதைக் கண்டுபிடித்துச் சொன்னது வேறு யாருமில்லை, அதே பம்பாய்ச் சங்கத்தின் ஆய்வாளர்கள்தான். பத்து வருஷம் ஏரியை அளந்து, தங்கள் கருத்து தப்பு என்று தாங்களே எழுதினார்கள். அந்த ஆய்வு முடிவதைப் பார்க்க சலீம் அலி இல்லை. 1987 ஜூன் 20-ல், 90 வயதில் காலமாகிவிட்டார்.

பத்மவிபூஷண், ராஜ்யசபா நியமனம் எல்லாம் அவருக்குக் கிடைத்தது. 1976-ல் கிடைத்த கெட்டி பரிசுப் பணத்தைச் சங்கத்துக்கே கொடுத்துவிட்டார். 1990-ல் கோவை ஆனைகட்டியில் அவர் பேரில் ஆராய்ச்சி மையம் தொடங்கப்பட்டது.

நம்ம கோடியக்கரையிலும் அவர் முகாம் போட்டு வளையம் மாட்டியிருக்கிறார். வேதாரண்யம் பக்கத்து ஹாஸ்டல் நண்பர்கள் தீபாவளி லீவில் ஊருக்குப் போகும்போது கடற்கரையில் செத்த பறவை எதையாவது பார்த்தால், காலைப் பாருங்கள். வளையம் இருந்தால் எண்ணை ஒரு எழுத்து விடாமல் குறித்து, தேதியும் இடமும் போட்டு பம்பாய்க்கு எழுதுங்கள்.