காலண்டர் ஓவியர் சி. கொண்டையராஜு

சிவகாசியில் அச்சகத்தோடு தொடர்பில்லாத குடும்பம் அரிது. நம் பங்கிலும் அச்சுத் தொழிலாளர் பலர் உண்டு. ஆயினும் இங்கு அச்சான காலண்டர்களுக்குப் படம் தந்த ஒருவரை நம் இளைஞர் அதிகம் அறியார். அவரே ஓவியர் சி. கொண்டையராஜு.

1898-ஆம் ஆண்டு சென்னையில் பிறந்த அவர், அங்குள்ள அரசு கலைப்பள்ளியில் ஓவியம் பயின்றார். துறவு நாட்டம் மேலிடவே, திருவண்ணாமலை இரமண ஆசிரமத்தில் சிலகாலம் தங்கினார். பின்னர் நாடகக் குழுவொன்றில் திரைச்சீலை தீட்டும் பணியேற்று ஊர் ஊராய்ச் சென்றார். 1940-களில் அக்குழு கோவில்பட்டியில் கலைந்தது. அவரோ அங்கேயே தங்கி, தேவி ஆர்ட் ஸ்டூடியோவைத் தொடங்கி, மாணவர்களுக்குத் தொழில் கற்றுக்கொடுத்தார்.

அவர் தீட்டிய இந்து தெய்வப் படங்கள் அச்சேறச் சிவகாசிக்கு வந்தன. அந்நாளைய லித்தோ முறையில் ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனித்தனியே கல்லிலோ துத்தநாகத் தகட்டிலோ எழுதி, ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிடுவர். எண்ணெய் ஓவியம்போல் மினுங்க வார்னிஷ் பூசிய அச்சுப்படத்தை ஓலியோகிராப் என்பர். 1894-இல் பம்பாயில் அச்சகம் நிறுவி இராஜா இரவிவர்மா பரப்பியவை அவையே. அவற்றை விலை கொடுத்து வாங்க வேண்டும். கொண்டையராஜுவின் படமோ, கடைக்காரர் இலவசமாய்த் தரும் காலண்டரில் ஏழையின் குடிசைக்கும் சென்றது.

காலண்டர் படம்தானே என்று ஏளனம் செய்தோரும் உண்டு. இன்று பழம்பொருள் சேகரிப்போர் அவற்றைத் தேடி வாங்குகின்றனர். படத்தின் அடியிலுள்ள கையொப்பத்தைக் கொண்டே அது யார் கைவேலை என்று அறிகின்றனர். பல படங்களில் கொண்டையராஜுவின் பெயரோடு அவர் மாணவர் டி. எஸ். சுப்பையாவின் பெயரும் காணப்படும். குரு தம் புகழில் சீடருக்கும் பங்களித்தார். 1976-இல் அவர் மறைந்தார்.

அவர் நம் மறையினர் அல்லர். எனினும் அந்த இரட்டைக் கையொப்பம் நமக்கும் ஒரு பாடம். நம் ஆலயக் கல்வெட்டில் நன்கொடையாளர் பெயர்கள் உள்ளன. பீடத்தைச் செதுக்கிய தச்சர், சுரூபத்துக்கு வர்ணம் தீட்டியவர், கல் சுமந்த பெண்கள் ஆகியோரின் பெயர்களோ முதியோர் நினைவில் மட்டுமே உள்ளன. அம்முதியோர் நம்மோடு இருக்கும்போதே கேட்டு எழுதிவைப்பதே இந்த யூபிலிக்குத் தகுந்த காணிக்கை. வீட்டிலுள்ள பழைய திருப்படத்தை அகற்றுமுன், அதன் அடியில் யார் பெயர் இருக்கிறதென்று ஒருமுறை பாருங்கள்.